மூன்று வீட்டு உப்பு

உண்ட சோற்றுக்கு எப்படி நன்றி காட்டுவது என்ற கேள்வியை நம் இதிகாசங்களைப்போல் விடாமல் கேட்டவை வேறு இல்லை என்று நினைக்கிறேன். துரியோதனன் வீட்டுச் சோற்றை உண்ட கர்ணன், பாண்டவர்கள் தன் தம்பிமார் என்று தெரிந்த பிறகும் அவன் பக்கத்தை விட்டு நகரவில்லை. கும்பகர்ணன், "நீ செய்தது தவறு" என்று அண்ணனுக்கு முகத்துக்கு நேரே சொன்னான். சொல்லிவிட்டு அந்த அண்ணனுக்காகவே களத்துக்குப் போய் மடிந்தான். விபீஷணனும் சொல்லிப் பார்த்தான். காது கொடுக்கவில்லை என்றதும் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தான். விதுரன் அரண்மனையிலேயே இருந்துகொண்டு, வேண்டாத நியாயத்தை வேளை தவறாமல் எடுத்துச் சொன்னான். இந்த நால்வரில் யார் செய்தது சரி என்ற விவாதம் நம் பாட்டனார் காலத்திலும் நடந்தது; இன்னும் தீர்ப்பாகவில்லை.

ஆனால் இந்த நால்வருக்கும் ஒரு சௌகரியம் இருந்தது. அவர்கள் தின்றது ஒரு வீட்டு உப்பு. கடன் யாருக்கு என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. அதை எப்படித் தீர்ப்பது என்பதில்தான் வேறுபட்டார்கள். ஒரே மனிதன் மூன்று வீடுகளில் உண்டிருந்தால் என்ன செய்வான்? அந்த மூன்று வீடுகளுக்குள்ளும் ஓயாத கொடுக்கல் வாங்கல் இருந்தால்? அவன் வாய் திறந்து ஒரு யோசனை சொல்லும்போது, எந்த வீட்டுக்காகச் சொல்கிறான் என்று மற்றவர்கள் எப்படித் தெரிந்து கொள்வது?

இது கற்பனைக் கேள்வி இல்லை. இஞ்சினீயர்களின் வாழ்க்கையில் தினசரி எழுகிற கேள்வி. கதை எழுதுகிறவனுக்கு ஒரு பேனாவும் கொஞ்சம் காகிதமும் போதும். யாரிடமும் கையேந்தாமல் தன் தொழிலைச் செய்துவிடலாம். இஞ்சினீயருக்கு அது முடியாது. அவன் மனத்தில் உதித்த ஒன்று உருப்பெற வேண்டுமானால் முதலில் ஒரு சோதனைச்சாலை வேண்டும். அதைக் கல்லூரி கொடுக்கிறது. பிறகு பட்டறையும் முதலும் வேண்டும். அவற்றைக் கம்பெனி கொடுக்கிறது. காரியம் இன்னும் பெரிதானால் நிலமும் அனுமதியும் கோடிக் கணக்கில் பணமும் வேண்டும். அதற்குச் சர்க்காரிடம்தான் போக வேண்டும். ஆகவே திறமை மிகுந்த இஞ்சினீயர் ஒருவர் ஆசிரியராகத் தொடங்கி, கம்பெனிக்காரராகி, சர்க்கார் அதிகாரியாகி, மறுபடியும் கம்பெனிக்கே போய்ச் சேருவது உலகெங்கும் சகஜமாகிவிட்டது. ஊரார் இதை முன்னேற்றம் என்று பாராட்டுகிறார்கள். பாராட்டட்டும். ஆனால் ஒவ்வொரு படியிலும் தின்ற உப்பு என்னவாகிறது?

இந்த மூன்று வீட்டு வாழ்வை முழுக்க வாழ்ந்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், நான் வனீவர் புஷ் என்ற அமெரிக்க இஞ்சினீயரைச் சொல்வேன். அமெரிக்க ஜனாதிபதிகளாக இருந்த இரண்டு புஷ்களுக்கும் இவருக்கும் உறவு கிடையாது. 1890-ஆம் வருஷம் மாஸாசூஸெட்ஸ் ராஜ்யத்தில் எவரெட் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் பாதிரியார். முன்னோர்களில் கப்பல் தலைவர்கள் உண்டு. எதையும் தாமே முன்னின்று நடத்த வேண்டும் என்ற தம் சுபாவத்துக்கு அந்த ரத்தம்தான் காரணம் என்று அவரே சொல்லிக் கொள்வாராம்.

டப்ட்ஸ் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே அவர் ஒரு யந்திரத்தைக் கண்டுபிடித்தார். பார்வைக்குப் புல் வெட்டும் வண்டி மாதிரி இருக்கும். அதைத் தள்ளிக்கொண்டு ஒரு நிலத்தின்மேல் நடந்தால், அந்த நிலத்தின் மேடு பள்ளங்களை அதுவே காகிதத்தில் கோடாக வரைந்துவிடும். 1912-இல் அதற்குப் பேடண்ட் உரிமையும் கிடைத்தது. ஆனால் வாங்குவதற்கு ஒரு கம்பெனிகூட முன்வரவில்லை. ஒரு பொருள் நன்றாக இருப்பது வேறு, அதை உலகம் ஏற்றுக் கொள்வது வேறு என்ற பாடம் இருபத்திரண்டு வயதிலேயே அவருக்குக் கிடைத்துவிட்டது.

இரண்டாவது பாடம் முதல் உலக யுத்தத்தின்போது கிடைத்தது. கடலுக்கடியில் ஒளிந்து வரும் நீர்மூழ்கிக் கப்பலைக் காந்தப் புலத்தின் மாறுதலைக் கொண்டு கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை அவர் செய்தார். மரக் கப்பலில் வைத்தால் அது வேலை செய்யும். இரும்புக் கப்பலில் வைத்தால் அந்த இரும்பே அதைக் குழப்பிவிடும். கருவியைச் செய்தவர்களுக்கும் அதைப் பயன்படுத்த வேண்டிய கடற்படைக்கும் நடுவே ஒழுங்கான தொடர்பு இல்லை. யுத்தம் முடியும்வரை அந்தக் கருவியால் சொல்லும்படியான பயன் விளையவில்லை. அறிவு ஒரு வீட்டில், தேவை இன்னொரு வீட்டில், நடுவில் பெரிய சுவர். இந்தக் காட்சி அவர் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. பின்னால் அவர் செய்த பெரிய காரியங்களுக்கும், அவற்றிலிருந்து முளைத்த பெரிய சிக்கல்களுக்கும் வித்து இதுதான் என்று சொல்லலாம்.

1919-இல் அவர் எம்.ஐ.டி. என்று உலகம் அறிந்த மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். மின்சாரத்தை வெகுதூரம் கொண்டு செல்லும் கம்பித் தொடர்களில் எழும் கணக்குகளைக் காகிதத்தில் போட்டு முடிப்பதற்கு மாதக் கணக்காகும். அவற்றைப் போடுவதற்காக அவரும் அவருடைய மாணவர்களும் ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொள்ளும் கணித யந்திரம் ஒன்றை 1931 வாக்கில் செய்து முடித்தார்கள். தண்டுகளும் பல்சக்கரங்களும் சுழன்று விடையைக் கோடாக வரைந்து காட்டும். கம்ப்யூட்டர் யுகத்துக்கு முன்னோடிகளில் அது ஒன்று. அதன் அருகில் நின்று வேலை பார்த்த இளைஞர்களில் ஒருவர்தான், செய்தியையே அளந்து கணக்கிடலாம் என்று பின்னால் உலகுக்குக் காட்டிய கிளாட் ஷானன். புஷ்ஷிடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்த மற்றொருவர் பிரெடரிக் டெர்மன். கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் பல்கலைக் கழகத்தைச் சுற்றித் தொழிற்சாலைகள் எழக் காரணமாயிருந்தவர். குருவின் குணம் சிஷ்யரிடமும் தொடர்ந்தது என்று வைத்துக் கொள்ளலாம்.

கல்லூரியில் பாடம் சொல்லிக் கொண்டிருந்தபோதே புஷ் இரண்டாவது வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டார். 1922-இல் லாரன்ஸ் மார்ஷல், சார்லஸ் ஸ்மித் என்ற இரு நண்பர்களோடு சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார். புதுமாதிரிக் குளிர்ப் பெட்டி செய்வது அவர்கள் திட்டம், அது பலிக்கவில்லை. பதிலாக ஒரு வாயுக் குழல் கைகொடுத்தது. அந்தக் காலத்து ரேடியோப் பெட்டிகளுக்குக் கனத்த பாட்டரிகள் தேவைப்பட்டன. விலையும் அதிகம், அடிக்கடி மாற்றவும் வேண்டும். இந்தக் குழல் வந்த பிறகு ரேடியோவுக்கு வேண்டிய உயர்ந்த அழுத்த மின்சாரத்தை வீட்டுச் சுவரிலிருந்தே எடுத்துக்கொள்ள முடிந்தது. விற்பனை பெருகியது. 1925-இல் அந்தக் கம்பெனி ரேதியான் என்று பெயர் மாற்றிக் கொண்டது. இன்று ஏவுகணைகளோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் அது.

இதுவரையில் குற்றம் சொல்ல ஏதாவது இருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. ஆசிரியரின் அறிவு அலமாரியில் உறங்காமல் குடும்பங்களின் கூடத்தில் பாட்டாக ஒலித்தது. அவருக்கும் நாலு காசு கிடைத்தது. கல்வியை விற்கலாமா என்று கேட்கும் தூய்மைவாதிகள் உண்டு. நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன் இல்லை. நெசவாளி தன் துணியை விற்கலாம் என்றால், இஞ்சினீயர் தன் கண்டுபிடிப்பையும் விற்கலாம். விற்கிறவரும் வாங்குகிறவரும் வேறு வேறு ஆளாக இருக்கும் மட்டும் அதில் தோஷம் இல்லை. இருவரும் ஒரே ஆளாகும்போதுதான் சங்கடம் பிறக்கிறது.

அந்த இடத்துக்கு வருவோம். எம்.ஐ.டி.யில் உபதலைவர் பதவிவரை உயர்ந்த புஷ், 1939-இன் தொடக்கத்தில் அதை விட்டுவிட்டு வாஷிங்டன் நகரத்திலுள்ள கார்னகி ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராகப் போனார். ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. பழைய நீர்மூழ்கிக் கருவியை அவர் மறக்கவில்லை. 1940 ஜூன் 12-ஆந் தேதி, பாரிஸ் நகரம் ஹிட்லரின் படைகளிடம் விழுவதற்கு இரண்டு நாள் முன்பு, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டைப் பார்க்கப் போனார். கையில் இருந்தது ஒரே ஒரு தாள். பல்கலைக் கழகங்களின் மூளையும் கம்பெனிகளின் பட்டறையும் சர்க்காரின் பணமும் ஒன்றுசேர ஒரு கமிட்டி வேண்டும் என்பது அதில் எழுதியிருந்த யோசனை. பேச்சு கால் மணிக்குள் முடிந்தது. ரூஸ்வெல்ட் தாளின்மேல் 'சரி' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டார். அடுத்த வருஷம் அந்தக் கமிட்டி இன்னும் பெரிய ஒரு காரியாலயத்தின் அங்கமாகியது. இரண்டுக்கும் மூலபுருஷர் புஷ்தான்.

அந்தக் காரியாலயம் செய்தவை கொஞ்சமல்ல. இருட்டிலும் மேகத்திலும் பகை விமானத்தைக் காட்டிக் கொடுக்கும் ராடார், இலக்கின் அருகே போனதும் தானே உணர்ந்து வெடிக்கும்படி குண்டுக்குள் பொருத்தப்பட்ட சின்னஞ்சிறு ரேடியோ, காயம்பட்ட போர்வீரர்களுக்கு மருந்தாகப் பெருமளவில் தயாரிக்கப்பட்ட பெனிசிலின் ஆகியவற்றின் பின்னால் அதன் கை இருந்தது. அணுகுண்டு ஆராய்ச்சியும் ராணுவத்தின் பொறுப்புக்குப் போகும்வரை அதன் கீழ்தான் வளர்ந்தது. இடையிலிருந்த சுவரை இடித்துவிட்டால் என்னவெல்லாம் முடியும் என்பதை உலகம் கண்டது.

ஆனால் சுவரை இடித்தால் வேறொன்றும் நடக்கும். அந்தக் கமிட்டியின் நாற்காலிகளைப் பாருங்கள். ஒன்றில் எம்.ஐ.டி.யின் தலைவர் கார்ல் காம்ப்டன். இன்னொன்றில் ஹார்வர்ட் பல்கலைக் கழகத் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட். மற்றொன்றில் பெல் டெலிபோன் ஆராய்ச்சிச் சாலையின் தலைவர் பிராங்க் ஜூவெட். இன்னும் ஒன்றில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கைச் சேர்ந்த ரிச்சர்ட் டால்மன். இவர்கள் கொடுத்த ஒப்பந்தங்கள் யாருக்குப் போயின? கல்வி நிலையங்களில் முதலிடம் எம்.ஐ.டி.க்கு, 11 கோடி டாலருக்கு மேல். அடுத்தபடி கால்டெக், பிறகு ஹார்வர்ட், கொலம்பியா. கம்பெனிகளில் முதலிடம் பெல் டெலிபோன் குடும்பத்தைச் சேர்ந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக்குக்கு. பந்தியில் பரிமாறுகிறவர்களே இலைபோட்டு உட்கார்ந்துமிருந்தார்கள். சமாதான காலத்தில், ஒரு ஜில்லா போர்டில், ரோடு காண்டிராக்டில் இப்படி நடந்தால் அதற்கு நாம் என்ன பெயர் கொடுப்போம் என்று சொல்ல வேண்டியதில்லை.

எதிர்க்கட்சி வக்கீலின் வாதத்தையும் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் ராடார் நுட்பத்தைக் கற்றுக்கொண்டு உடனே வேலை தொடங்கக்கூடிய இடங்கள் மிகச் சிலவே இருந்தன. தகுதியுள்ளவர்களுக்குத்தான் வேலை போயிற்று. லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்பதுதான் ஒப்பந்தத்தின் அடிப்படை. கமிட்டி அங்கத்தினர்கள் அந்தப் பணிக்குச் சர்க்காரிடம் சம்பளம் வாங்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, யுத்தம் முடிந்ததும் இந்தக் காரியாலயத்தைக் கலைத்துவிட வேண்டும் என்று வற்புறுத்தியவர் புஷ்தான். 1947 கடைசியில் அது மூடப்பட்டது. தான் ஆண்டுகொண்டிருக்கும் காரியாலயத்தை மூடச் சொல்லும் அதிகாரியை எந்த நாட்டில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? ஆகவே பணத்தின் விஷயத்தில் புஷ்ஷை நான் சந்தேகிக்கவில்லை. அவர் கை சுத்தம்.

கை சுத்தமாக இருந்தால் போதும் என்று நாம் பெரும்பாலும் திருப்திப்பட்டுவிடுகிறோம். மூன்று வீட்டு உப்பின் ஆபத்து கையில் இல்லை, கண்ணில் இருக்கிறது. மூன்று வீட்டிலும் பழகிய மனிதருக்கு மூன்று வீட்டாரையும் தெரியும். எல்லாரும் கெட்டிக்காரர்கள், எல்லாரும் யோக்கியர்கள், எல்லாரும் சிநேகிதர்கள். அந்த வீடுகளுக்கு வெளியே தெருவில் நிற்பவர்களை அவர் கண் பார்ப்பது மெள்ள மெள்ளக் குறைந்துவிடுகிறது.

யுத்தத்துக்குப் பிறகு நடந்த ஒரு வழக்கு இதைக் காட்டும். மேற்கு வர்ஜீனியாவின் ஸெனட்டர் ஹார்லி கில்கோர், சர்க்கார் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்புகள் பொதுஜனங்களின் சொத்தாக இருக்க வேண்டும். ஆராய்ச்சிப் பணம் நாலைந்து பெரிய கலாசாலைகளோடு நிற்காமல் நாடெங்கும் பரவ வேண்டும். அதை நடத்துகிறவர் ஜனாதிபதிக்குக் கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும் என்றார். 1945 ஜூலையில் புஷ் ஜனாதிபதியிடம் கொடுத்த புகழ்பெற்ற அறிக்கை வேறு வழி சொன்னது. சர்க்கார் பணம் கொடுக்க வேண்டும். ஆனால் எதை ஆராய்வது என்பதை விஞ்ஞானிகளே தீர்மானிக்க வேண்டும். புஷ்ஷின் போக்கில் அமைந்த மசோதாவை 1947-இல் ஜனாதிபதி ட்ரூமன் ஏற்க மறுத்தார்: ஜனங்களின் பணத்தைச் செலவிடுகிறவர்கள் ஜனங்கள் தேர்ந்தெடுத்தவருக்குப் பதில் சொல்ல வேண்டாமா என்பது அவர் கட்சி. கடைசியில் தலைவரை ஜனாதிபதி நியமிக்கிற ஏற்பாட்டோடு 1950-இல் தேசிய விஞ்ஞான ஸ்தாபனம் பிறந்தது.

இந்த வழக்கில் இருவரிடமும் நியாயம் இருக்கிறது. இன்ன வருஷத்தில் இன்னதைக் கண்டுபிடி என்று ஸெனட்டரோ மந்திரியோ உத்தரவு போட்டால் விஞ்ஞானம் வளராது. புஷ் சொன்னது சரி. ஆனால் 'எங்களை நம்புங்கள், எங்களுக்குத் தெரியும்' என்ற வார்த்தைக்கு ஓர் எல்லை உண்டு. தெரிந்தவர்களும் தவறுவார்கள். 1945 டிசம்பரில் ஸெனட் கமிட்டி முன்னால், மூவாயிரம் மைல் பாய்ந்து இலக்கைத் தாக்கும் ராக்கெட் இன்னும் வெகு காலத்துக்கு முடியாத காரியம் என்று சொன்னவரும் இதே புஷ்தான். 1957-இல் ரஷ்யர்கள் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ராக்கெட்டைப் பரீட்சித்துவிட்டார்கள். பேடண்டுகளின் கதையும் தொடர்ந்தது. 1980-இல் வந்த சட்டம், சர்க்கார் பணத்தில் செய்த ஆராய்ச்சியின் உரிமையைப் பல்கலைக் கழகங்களே வைத்துக் கொள்ளலாம் என்றது. கில்கோரின் கேள்வி இன்னும் வாசலில் நின்று கொண்டிருக்கிறது.

இனி, இந்த வாழ்க்கையிலேயே மிகவும் கனமான பக்கத்தைப் புரட்ட வேண்டும்.

1944 செப்டம்பர் 30-ஆந் தேதி புஷ்ஷும் கோனன்டும் யுத்த மந்திரி ஸ்டிம்ஸனுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார்கள். அணுகுண்டு இன்னும் தயாராகவில்லை. அந்த அறிக்கையில் அவர்கள் சொன்னவை தீர்க்கதரிசனம் என்றே சொல்ல வேண்டும். இந்த ரகசியம் நிலைக்காது. நல்ல தொழில் வசதியுள்ள எந்த நாடும் மூன்று நான்கு வருஷத்தில் நம்மை எட்டிப் பிடித்துவிடும். ஆகவே எல்லா நாடுகளும் பார்வையிடக்கூடிய ஒரு சர்வதேச ஏற்பாடு வேண்டும் என்றார்கள். குண்டை முதலில் எங்காவது வெடித்துக் காட்டிவிட்டு, சரணடையாவிட்டால் இதை உங்கள்மேல் போடுவோம் என்று ஜப்பானுக்கு அறிவிக்கலாம் என்ற யோசனையும் அதில் இருந்தது.

எட்டு மாதம் கழிந்தது. குண்டை எப்படி உபயோகிப்பது என்று ஆலோசனை சொல்ல ஸ்டிம்ஸன் ஒரு சிறு கமிட்டி அமைத்தார். புஷ், கோனன்ட், காம்ப்டன் மூவரும் அதில் அங்கத்தினர்கள். 1945 ஜூன் 1-ஆந் தேதி அந்தக் கமிட்டி, கூடிய சீக்கிரம், முன்னெச்சரிக்கை இல்லாமல், ஜப்பான்மேல் குண்டைப் பிரயோகிக்கலாம் என்று முடிவு செய்தது. பத்து நாளில் சிகாகோவில் வேலை பார்த்த விஞ்ஞானிகள் சிலர், ஜேம்ஸ் பிராங்க் தலைமையில், மனிதர் இல்லாத இடத்தில் முதலில் வெடித்துக் காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். அது எடுபடவில்லை. கமிட்டிக்குள்ளேயே ஒருவருக்கு மனம் உறுத்தியது. ஜூன் 27-ஆந் தேதி, ஜப்பானுக்கு முன்கூட்டி எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்று அவர் தனியாக எழுத்துமூலம் தெரிவித்தார். அவர் பெயர் ரால்ப் பார்ட். விஞ்ஞானி இல்லை, இஞ்சினீயரும் இல்லை. பணமுதலீட்டுத் தொழிலிலிருந்து கடற்படை இலாகாவுக்கு உபமந்திரியாக வந்தவர்!

ஆகஸ்டு 6-ஆந் தேதி ஹிரோஷிமா எரிந்தது. குண்டு யுத்தத்தைச் சுருக்கிப் பல உயிர்களைக் காத்தது என்பதுதான் கடைசிவரை புஷ்ஷின் அபிப்பிராயம். அதைப் பற்றிய விவாதம் பெரியது. ஒரு கட்டுரையில் முடிவு கட்டக் கூடியதும் இல்லை. என் கேள்வி சிறியது. செப்டம்பரில் எச்சரிக்கை தரலாம் என்று எழுதிய கை, ஜூனில் எச்சரிக்கை வேண்டாம் என்ற முடிவோடு ஏன் சேர்ந்து கொண்டது? பணத்தாசை இல்லை. பதவிப் பயமும் இல்லை. அந்த எட்டு மாதத்தில் யுத்தமும் முற்றியிருந்தது. எனினும் எனக்குத் தோன்றும் பதில் வேறு. கலாசாலையின் மூளை, கம்பெனியின் ஆலை, சர்க்காரின் கஜானா மூன்றும் சேர்ந்து ஒரே திசையில் உருண்டு கொண்டிருந்தன. அவற்றைச் சேர்த்துக் கட்டியவரே அவர்தான். ஒரு வீட்டில் நின்று மற்ற வீட்டைப் பார்த்து 'நில்' என்று சொல்வதற்கு, இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் தூரம் வேண்டும். அந்தத் தூரத்தைத்தான் அவர் இல்லாமல் செய்திருந்தார். நீர்மூழ்கிக் கருவியை வீணாக்கிய சுவர் இடிந்தபோது, மனச்சாட்சி சாய்ந்து நிற்கக்கூடிய சுவரும் அதோடு சேர்ந்து இடிந்துவிட்டது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் புஷ்ஷைப் பற்றி நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். முடியவில்லை.

1952-இல் அமெரிக்கா அணுகுண்டைவிடப் பன்மடங்கு கொடிய ஹைட்ரஜன் குண்டைச் சோதிக்கத் தயாராகிக் கொண்டிருந்தது. ராபர்ட் ஓபன்ஹைமர் தலைமையில் ஆயுதக் குறைப்புப் பற்றி ஆலோசனை கூற அமைந்த குழுவில் புஷ்ஷும் இருந்தார். இந்த முதல் வெடி வெடித்துவிட்டால் திரும்பி வர முடியாது. அதைத் தள்ளிப் போடுங்கள். இப்படிப்பட்ட சோதனைகளே வேண்டாம் என்று ரஷ்யாவோடு ஓர் உடன்பாட்டுக்கு முயன்று பாருங்கள். தேர்தல் நெருங்கும் வேளையில், வரப்போகும் ஜனாதிபதியின் கையைக் கட்டிவிடாதீர்கள் என்று அவர் மன்றாடினார். இந்தத் தடவை அவர் நின்றது தம் வீடுகளுக்கு எதிரே. யாரும் கேட்கவில்லை. தேர்தலுக்கு மூன்று நாள் முன்னதாக, நவம்பர் 1-ஆந் தேதி, பசிபிக் கடலில் ஒரு தீவே மறைந்து போகும்படி அந்தக் குண்டு வெடித்தது.

1954-இல் ஓபன்ஹைமர்மேல் விசாரணை வந்தது. ஹைட்ரஜன் குண்டை எதிர்த்ததும் அவர்மேல் சுமத்தப்பட்ட குறைகளில் ஒன்று. காலம் எப்படிப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள்: யார் யாரோடு பேசினார், எந்தக் கூட்டத்துக்குப் போனார் என்றெல்லாம் துருவிக் கொண்டிருந்த காலம். புஷ் அப்போதும் கார்னகி நிலையத்தின் தலைவர். பெரிய டெலிபோன் கம்பெனிக்கும் மெர்க் மருந்துக் கம்பெனிக்கும் டைரக்டர். உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டில் இருந்திருக்கலாம். அவர் போனார். போய், விசாரணை செய்கிறவர்களையே கேட்டார்: உறுதியான அபிப்பிராயம் வைத்திருந்து அதைத் தைரியமாக வெளியே சொன்னதற்காகவா ஒரு மனிதரைக் கூண்டில் நிறுத்துகிறீர்கள்? அப்படியானால் என்னையும் விசாரியுங்கள். நானும் பலருக்குப் பிடிக்காத அபிப்பிராயங்களைச் சொல்லியவன்தான் என்றார். ஓபன்ஹைமரின் அனுமதி பறிக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பை அமெரிக்க சர்க்கார் ரத்து செய்ய 2022 டிசம்பர் வரை ஆயிற்று. புஷ் 1974-இலேயே காலமாகிவிட்டார்.

அந்த விசாரணை அறையில் அவர் கும்பகர்ணனாகவும் இருந்தார், விதுரனாகவும் இருந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. வீட்டை விட்டு வெளியேறவில்லை. எதிர்ப்பக்கம் சேரவும் இல்லை. மூன்று வருஷம் கழித்து மெர்க் கம்பெனிக்கே தலைவராகி, 1962 வரையில் அந்தப் பதவியில் இருந்தார். ஆனால் உப்பிட்ட வீட்டுக்குக் கசப்பான வார்த்தையைச் சொல்லும் கடமையை அந்த நாளில் அவர் தட்டிக் கழிக்கவில்லை.

1961 ஜனவரியில் பதவியை விட்டு இறங்கும்போது ஜனாதிபதி ஐஸன்ஹோவர் தேசத்துக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தார். ராணுவமும் ஆயுதத் தொழிலும் கைகோத்துக் கொள்வதில் உள்ள அபாயத்தை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பொதுநலக் கொள்கை முழுவதும் விஞ்ஞான நிபுணர் கூட்டம் ஒன்றின் கையில் சிக்கிவிடக் கூடாது என்று அதே பேச்சில் அவர் சொன்னதை மறந்துவிட்டார்கள். இன்று அந்த மூன்று வீடுகளுக்கும் இடையே கதவுகள் இன்னும் அகலமாகத் திறந்திருக்கின்றன. காலையில் கம்பெனியில் இருந்தவர் மாலையில் சர்க்கார் ஆலோசகர். மறு வருஷம் பேராசிரியர். கதவை மூடு என்று கூச்சல் போடுவதில் அர்த்தமில்லை. மூடினால் நல்ல மருந்து நோயாளியிடம் போய்ச் சேராது. அறிவு ஓரிடத்திலும் தேவை இன்னோரிடத்திலுமாகப் பழைய கதை திரும்பும்.

அதற்குப் பதிலாக, இப்படிப்பட்டவர்கள் நமக்கு யோசனை சொல்ல வரும்போது நாம் ஒன்று செய்யலாம். 'இவர் எங்கே சம்பளம் வாங்கினார்?' என்று கேட்பதோடு நின்றுவிடாமல், 'சம்பளம் வாங்கிய வீட்டுக்குப் பிடிக்காததை இவர் எப்போதாவது சொன்னதுண்டா? சொன்னபோது, அது இன்னும் தடுக்கக் கூடிய நேரமாக இருந்ததா?' என்றும் கேட்கலாம். முதல் கேள்விக்கு விடை கணக்குப் புத்தகத்தில் கிடைக்கும். இரண்டாவதற்கு விடை தேட ஒரு வாழ்க்கையையே புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புஷ்ஷின் வாழ்க்கையில் அந்த விடை பாதி 'ஆம்', பாதி 'இல்லை' என்று இருக்கிறது. 1952-லும் 1954-லும் சொன்னார். 1945 ஜூனில் சொல்லவில்லை. சொல்லாத அந்த ஒரு மாதத்துக்கு விலை கொடுத்தவர்கள் மூன்று வீட்டில் எந்த வீட்டையும் சேர்ந்தவர்கள் இல்லை. ஹிரோஷிமாவில் அன்று காலை வேலைக்குப் புறப்பட்டுக் கொண்டிருந்தவர்கள்.